மூன்று பழைய சர்வர்களை விஎம்களாக மாற்ற சான் ஸ்டோரேஜ் வேண்டுமா?

கேள்வி: கோவையில் பம்பு உதிரிபாகம் தயாரிக்கிறோம். 35 பேர் கணினியில் வேலை செய்கிறார்கள். டாலி, ஃபைல் ஷேர், எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸில் ஓடும் ஈஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்) ஆகியவை மூன்று பழைய சர்வர்களில் இருக்கின்றன. மொத்த டேட்டா 1.4 டிபி. எல்லாவற்றையும் விஎம்களாக்க (ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளாக்க) இரண்டு புது சர்வரும் ஒரு சான் ஸ்டோரேஜும் (சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் தனி டிஸ்க் பெட்டி) வேண்டும் என்று வென்டர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். சான் அவசியமா?

பதில்: அவசியமில்லை. இரண்டு சர்வரும் ஒரே சானை நம்பி நின்றால், அது படுக்கும்போது இரண்டும் சேர்ந்தே படுக்கும். அதில் இரட்டை கன்ட்ரோலர் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், பெட்டியும் ஃபர்ம்வேரும் ஒன்றுதானே. அந்தப் பணத்தில் இரண்டு சர்வருக்குள்ளும் நல்ல எஸ்எஸ்டிகளைப் போட்டு, ஒன்றின் நகல் மற்றதில் இருக்கும்படி செய்யுங்கள்.

விஎம்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் போதும். இன்னொரு பிரபல ஹைப்பர்வைசரைத் தரும் விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிய பிறகு நிரந்தர உரிமம் நின்றுபோய் எல்லாம் சந்தாவாகிவிட்டது. உங்கள் அளவுக்கு அது கட்டாது. உங்கள் ஐடி ஆளுக்கு விண்டோஸ் மட்டும்தான் பழக்கம் என்றால் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி எடுங்கள். மற்ற சர்வருக்கு நகலெடுக்கும் ரெப்ளிகா வசதி அதிலேயே உண்டு.

இனி டிஸ்க். விஎம் மெதுவாக இருக்கிறது என்ற புகாரின் பின்னால் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சிபியு சும்மா இருக்கும், டிஸ்க்தான் திணறிக்கொண்டிருக்கும். எஸ்கியூஎல் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் முடிக்கும்போது, 'எழுதியாகிவிட்டது' என்று டிஸ்க் சொல்லும்வரை காத்திருக்கும். மின்தடைப் பாதுகாப்பு உள்ள என்டர்பிரைஸ் எஸ்எஸ்டியில் கெப்பாசிட்டர்கள் இருப்பதால், கரண்ட் போனாலும் தன் ரேமில் இருப்பதை எழுதி முடித்துவிடும்; அந்த தைரியத்தில் உடனே பதில் சொல்லும். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டிக்கு அது முடியாது. டேட்டா நிஜமாகவே சிப்பில் இறங்கிய பிறகுதான் பதில் வரும். பெட்டி மேல் அச்சடித்த வேகத்தை நம்ப வேண்டாம். ப்ராக்ஸ்மாக்ஸில் பிவிஇபெர்ஃப் என்ற கட்டளையை ஓட்டி, ஒரு வினாடிக்கு எத்தனை எஃப்சிங்க் (டிஸ்க்கில் எழுதி உறுதிசெய்வது) என்ற வரியைப் பாருங்கள். 200-க்குக் கீழே இருந்தால் அந்த டிஸ்க்கில் ஈஆர்பியை வைக்காதீர்கள். நல்ல என்டர்பிரைஸ் எஸ்எஸ்டியில் ஆயிரக்கணக்கில் வரும்.

ஒவ்வொரு சர்வரிலும் 1.92 டிபி அளவில் நான்கு போடுங்கள். இரண்டிரண்டாக மிரர் செய்தால் (ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும்) 3.84 டிபி கிடைக்கும். ப்ராக்ஸ்மாக்ஸில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ஜெட்எஃப்எஸ்ஸை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதால் உங்கள் கணக்குக்கு அது 3 டிபிதான். இடம் மிச்சமாகிறதே என்று ரெய்டு 5 பக்கம் போகாதீர்கள்: அதில் சின்னதாக ஒன்றை எழுதவும் பழைய டேட்டாவையும் பாரிட்டியையும் (டிஸ்க் போனால் டேட்டாவை மீட்க உதவும் கணக்கு) படித்து, இரண்டையும் திரும்ப எழுத வேண்டும், ஆக நான்கு வேலை. மிரரில் இரண்டுதான். சர்வரோடு வரும் ரெய்டு கார்டை எச்பிஏ மோடுக்கு மாற்றிவிடுங்கள். ஜெட்எஃப்எஸ் டிஸ்க்கை நேரடியாகப் பார்த்தாக வேண்டும்.

தின் ப்ரொவிஷனிங்கில் (எழுத எழுதத்தான் இடம் எடுக்கும் முறை) ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு விஎம்முக்கும் 3 டிபி என்று தாராளமாகக் கொடுத்துவிடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். பூல் (டிஸ்க்குகள் சேர்ந்த மொத்த இடம்) நிரம்பும் நாளில் எழுத முயலும் விஎம்கள் ஐஓ எரர் என்று நின்றுவிடும். டிஸ்க் அமைப்பில் 'டிஸ்கார்ட்' டிக் செய்யாவிட்டால் விண்டோஸில் அழித்த ஃபைலின் இடம்கூட பூலுக்குத் திரும்பாது. மறந்துபோன பழைய ஸ்னாப்ஷாட்டும் (விஎம்மின் ஒரு நேரத்து நிலைப் பதிவு) அதே மாதிரி இடத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

சிபியுவை முடிவு செய்வது உரிமம்தான். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் குறைந்தது 16 கோருக்கு வாங்க வேண்டும். அதில் இரண்டு விண்டோஸ் விஎம் ஓட்டலாம். டாலி டேட்டாவையும் ஃபைல் ஷேரையும் ஒரே விஎம்மில் வைத்து ஈஆர்பிக்கு இன்னொன்று என்றால் கணக்கு சரியாக வரும். 24 கோர் சிபியு வாங்கினால் கூடுதல் 8 கோருக்கும் பணம் கட்ட வேண்டும். இந்த உரிமத்தை 90 நாளுக்கு ஒரு முறைதான் வேறு சர்வருக்கு மாற்றலாம் என்பதால் இரண்டாவது சர்வருக்கும் தனி உரிமம் வேண்டும். கொட்டேஷனில் அது இருக்கிறதா என்று பாருங்கள். 35 பேருக்கான சிஏஎல் (சர்வரை அணுகும் உரிமம்) இதில் சேராது. ரேம் 128 ஜிபி போடுங்கள். ஒரு சர்வர் போனால் மற்றது எல்லாவற்றையும் தாங்க வேண்டும்.

ஈஆர்பி ஓடுவது எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ் என்றால் இதைக் கவனியுங்கள். அது ஒரு சாக்கெட் அல்லது நான்கு கோர், இரண்டில் எது குறைவோ அதைத்தான் பயன்படுத்தும். விஎம்முக்கு 4 சாக்கெட், ஆளுக்கு 1 கோர் என்று கொடுத்தால் ஒரே ஒரு கோரில்தான் ஓடும். 1 சாக்கெட், 4 கோர் என்று மாற்றுங்கள்.

இரண்டு சர்வரையும் 10 ஜி நெட்வொர்க் போர்ட்டில் டிஏசி என்ற நேரடி இணைப்புக் கேபிளால் நேராக இணைத்துவிடலாம், ஸ்விட்ச் தேவையில்லை. விஎம்மை மற்ற சர்வருக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் ப்ராக்ஸ்மாக்ஸில் இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும். ஈஆர்பி விஎம்முக்கு மட்டும் 5 நிமிடமாக்குங்கள். சர்வர் விழுந்தால் கடைசி நகலுக்குப் பிறகு போட்ட பில்கள் போய்விடும். இந்த நஷ்டத்தை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இரண்டே சர்வர் உள்ள கிளஸ்டரில் (ஒன்றாக இயங்கும் சர்வர் குழு) ஒன்று விழுந்தால் மற்றதற்குப் பெரும்பான்மை ஓட்டு இருக்காது. விஎம்மை ஸ்டார்ட் செய்ய விடாது. மூன்றாவது ஓட்டுக்கு க்யூ டிவைஸாக ஒரு சின்ன லினக்ஸ் கணினி போதும்.

ஃபைல் சர்வரை டிஸ்க்2விஎச்டி (கணினியின் டிஸ்க்கை ஒரு ஃபைலாக்கும் கருவி) வைத்து அப்படியே மாற்றலாம். பழையது யூஇஎஃப்ஐயில் (பூட் ஆகும் முறைகளில் ஒன்று) பூட் ஆனதா என்று பார்த்து விஎம்மிலும் அதையே வையுங்கள். டிஸ்க்கை எடுத்ததும் விர்ட்ஐஓவில் (விஎம்களுக்கென்றே உள்ள வேகமான டிஸ்க் இணைப்பு) மாட்டினால் டிரைவர் இல்லாமல் நீலத் திரைதான் வரும். முதலில் வழக்கமான சாட்டா இணைப்பில் பூட் செய்யுங்கள். 1 ஜிபியில் ஒரு காலி விர்ட்ஐஓ டிஸ்க் சேர்த்து டிரைவரைப் போட்டுவிட்டு, பிறகு பூட் டிஸ்க்கை மாற்றுங்கள். ஈஆர்பிக்கு இந்த வழி வேண்டாம். புது விண்டோஸ் போட்டு எஸ்கியூஎல் பேக்கப்பை அதில் ரீஸ்டோர் செய்வதே சுத்தம். டாலி உரிமத்தைப் பழைய கணினியில் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள்.

ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது. ரான்சம்வேர் பூட்டிய ஃபைலும் 15 நிமிடத்தில் நேர்மையாக மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும். பழைய சர்வர்களில் நல்ல நிலையில் உள்ள ஒன்றில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரைப் போட்டு வேறு அறையில் வையுங்கள். அதை அலுவலகத்தின் பொது லாகின் அமைப்பான டொமைனில் சேர்க்காதீர்கள், பாஸ்வேர்டும் தனியாக இருக்கட்டும். மாதம் ஒரு முறை ஈஆர்பியை வேறு விஎம் எண்ணில் ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். அப்போது அந்த விஎம்மின் நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் பூட் செய்ய வேண்டும். இல்லையென்றால் அசலும் நகலும் ஒரே ஐபியில் மோதி 35 பேருக்கும் வேலை நின்றுவிடும்.