வெள்ளைச் சாட்டை

கேள்வி: சுவீடனில் கூலிக்காரர்களின் வறுமையை எழுதிய ஒருவரைப் பற்றிப் போன இதழில் ஒரு வரி சொன்னீர்கள். அவ்வளவு பணக்கார நாட்டில் ஏது வறுமை? என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவர் கதையை விட்டுவிட்டு இதை ஏன் படிக்க வேண்டும்?
— வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: அவர் பெயர் ஈவார் லூ-யோஹான்சன். 1901இல், ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே ஓஸ்மோ என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் பண்ணைக் கூலிகள். 'ஸ்டாத்தாரே' என்பார்கள். ஆண்டு ஒப்பந்தம். கூலியில் பெரும்பங்கு தானியம், பால், உருளைக்கிழங்கு, விறகு என்று பொருளாகத்தான் வரும். வீடு முதலாளியுடையது. அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் விடுப்பு. பண்ணை மாறுகிறவர்கள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்புவதும் அந்த வாரத்தில்தான்.

நான் பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். வேலை போனால் வீடும் போச்சு என்ற பயத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் பெண்கள். புருஷன் வேலைக்குச் சேர்ந்தால் மனைவி பண்ணை மாடுகளைக் கறந்தே ஆக வேண்டும். விடியுமுன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, கைக்குழந்தை இருந்தாலும். அதற்கு 'வெள்ளைச் சாட்டை' என்று பெயர். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இருட்டில் பிரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடிய என் அம்மாவை விரட்டியதும் வெள்ளைப் பால்தானே, ரப்பர் பால்.

1933இல் முதல் பெரிய நாவல். 1936, 37இல் ஸ்டாத்தாரே கதைகள் இரண்டு தொகுதி. எனக்கு நெருக்கமானது 1939இல் வந்த 'வெறும் ஒரு தாய்'. ரியா-ரியா என்ற பெண் ஒரு வெயில் நாளில் ஆடையில்லாமல் ஏரியில் குளித்துவிடுகிறாள். அந்தப் பேச்சு அவளைக் கடைசிவரை விடவில்லை. பேசியவர்கள் முதலாளிகள் இல்லை, பக்கத்து வீட்டு ஏழைகள். இதையும் மறைக்காமல் எழுதினாரே, அதற்காகவே அவரை நம்புகிறேன். நாவல் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது.

அந்த முறை ஒழிந்தது 1945இல்தான். பண்ணைத் தொழிலாளர் சங்கம் போராடியது; நகரத்துக்காரர்களை அந்தக் குடிசைகளுக்குள் பார்க்க வைத்ததில் இவர் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, உங்கள் பாட்டி இருக்கிறாரா? எத்தனை மணிக்கு எழுந்தார், நிரையில் எத்தனை மரம், பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் விட்டாரா என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.