ஆங்கிலம் தொலைத்த ‘நீ’

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பழைய ஆங்கிலப் பாடல் ஒன்றில் வந்த ‘தௌ’, ‘தீ’, ‘தை’ ஆகிய சொற்களை, கடவுளையும் அரசரையும் அழைக்கும் மரியாதைச் சொற்கள் என்று விளக்கினேன். “அப்படியென்றால் மரியாதைச் சொல் ஒழிந்து, எல்லோரையும் நீ என்று சொல்லும் ‘யூ’ மட்டும் மிஞ்சிவிட்டதா?” என்று ஒரு மாணவி கேட்டாள். ஆம் என்று சொல்லிவிட்டேன். அது சரியா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டிய பதில் நேர்மாறானது. ஆங்கிலத்தில் வழக்கொழிந்தது ‘நீ’, எஞ்சியிருப்பது ‘நீங்கள்’.

பழைய ஆங்கிலத்தில் ‘தௌ’ ஒருவரைக் குறித்தது. ‘யீ’ என்பதும் அதன் வேற்றுமை வடிவமான ‘யூ’ என்பதும் பலரைக் குறித்தன. 13ஆம் நூற்றாண்டு வாக்கில், பிரெஞ்சு வழக்கத்தின் செல்வாக்கால், உயர்ந்தவர் ஒருவரையும் பன்மையில் அழைக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் நுழைந்தது. தமிழும் இதே வழியில்தான் வந்தது. தொல்காப்பியத்தில் ‘நீயிர்’ பன்மைச் சொல். பின்னாளில் ‘நீர்’ ஒருவரையே மதித்து அழைக்கும் சொல்லாயிற்று. அதற்குப் பிறகு ‘கள்’ விகுதி ஏற்ற ‘நீங்கள்’ பன்மையையும் மரியாதையையும் சேர்த்தே சுமக்கிறது.

‘தௌ’ எவ்வளவு கூர்மையான சொல்லாக இருந்தது என்பதற்கு 1603இல் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் நடந்த, அரசவைப் பிரமுகரும் கடலோடியுமான வால்டர் ராலியின் ராஜத் துரோக விசாரணை நல்ல சான்று. அரசு வழக்கறிஞரான எட்வர்ட் கோக், குற்றம் சாட்டப்பட்ட அந்தப் பெருந்தகையைப் பார்த்து, “உன்னை நீ என்றுதான் சொல்வேன், துரோகியே” என்று சீறினார். ‘தௌ’ என்ற பெயர்ச்சொல்லையே அவர் அங்கே வினைச்சொல்லாகவும் ஆக்கினார். அந்த வசையை முழுதாக உணரத் தமிழருக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அதே நூற்றாண்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸும் அவருடைய தோழர்களும், ஒருவரைப் பன்மையில் அழைப்பது அகந்தைக்குத் தீனி போடுவது என்று கருதி, நீதிபதிகளையும் ‘தௌ’ என்றே அழைத்து, அதற்காக அடியும் வசையும் பட்டார்கள். ஆனால் ஊர் போன திசை வேறு. எதிரில் நிற்பவரின் தகுதி தெரியாதபோது ‘யூ’ என்பதே பாதுகாப்பானது என்பதால் அது மேலிருந்து கீழே பரவியது. 17ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் பொதுப் பேச்சிலிருந்து ‘தௌ’ பெரும்பாலும் மறைந்தது. நம்முடைய ‘போகிறாய்’ என்பதிலுள்ள ‘ஆய்’ போல, ‘தௌ’வுக்கென்றே வினையில் வந்த ‘எஸ்ட்’ விகுதியும் அதனுடன் போயிற்று. எனக்கு இந்த இழப்புதான் அதிகம் உறுத்துகிறது.

அப்படியானால் ‘தௌ’ உயர்ந்த சொல் என்று நமக்கு ஏன் தோன்றுகிறது? தெருவில் மறைந்த சொல் தேவாலயத்தில் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதே காரணம். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம், மூலத்தின் ஒருமை பன்மையைக் காட்டுவதற்காக, யாராக இருந்தாலும் ஒருவரென்றால் ‘தௌ’ என்றே எழுதியது. தமிழ் விவிலியமோ மரியாதையையும் பார்த்தது. ஆதாமிடம் கடவுள் கேட்கும் ‘தௌ’ தமிழில் “நீ எங்கே இருக்கிறாய்” என்று வர, கடவுளிடம் மனிதர் சொல்லும் ‘தை’ “உம்முடைய நாமம்” என்று வருகிறது. இந்த இரண்டாவது வரியை மட்டும் கேட்டு வளர்ந்தவருக்கு ‘தௌ’ என்றால் ‘நீர்’ என்று படுவது இயல்பு. உண்மையில் அந்த ஆங்கில வேண்டுதல், அப்பர் சிவனை “அப்பன் நீ, அம்மை நீ” என்று அழைப்பதற்கு நெருக்கமானது.

வகுப்பில் அந்தப் பாடலை மீண்டும் எடுத்து, ‘தௌ’ வரும் இடத்திலெல்லாம் ‘நீ’ என்று வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் அது ‘தா’ என்று திரிந்து நண்பர்களுக்கிடையே இன்னும் புழங்குகிறது என்பதையும் அந்த மாணவிக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்.