லயத்துக்காரர் எந்தப் பட்டியல்? (கடிதம்)

ஐயா,

முதுகலை மாணவன் நான், ஊர் குமுளி. கேரளத்து மூணாறு பக்கம் பெட்டிமுடி நிலச்சரிவில் தப்பியவர்களைப் ‘பருவநிலை அகதிகள்’ என்று ஆய்வேட்டில் எழுதினேன். அகதி என்று போடாதே, ‘இடம்பெயர்ந்தோர்’ என்று போடு என்கிறார் பேராசிரியர். எது சரி? ஐநாவே இதில் தெளிவில்லாமல் இருப்பது மனித குலத்தின் வீழ்ச்சி அல்லவா? தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

அன்புள்ள தம்பி,

பேராசிரியர் சொல்வது சட்டப்படி சரி. இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்று ஏதோ ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவரைத்தான் 1951 ஐநா அகதிகள் உடன்படிக்கை அகதி என்கிறது. மலை யாரையும் சாதி பார்த்துப் புதைக்கவில்லை, இவர்கள் எல்லையும் தாண்டவில்லை. இந்தியா அதில் கையெழுத்தே போடவில்லை. ‘சூழல் அகதி’ என்று 1985இல் ஐநா சூழல் அமைப்புக்காக எல்-ஹின்னாவி எழுதினார். சட்டம் அதை ஏற்கவில்லை. மனித குலத்தின் வீழ்ச்சியை மேடைப் பேச்சுக்கு வைத்துக்கொள்.

உன் கடிதம் கைக்கு வந்தபோது நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் 70 பேர் செத்துப்போனார்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்கு மறுவருடம் குட்டியாறுவாலியில் வீடு கிடைத்தது. சரி. நீ ‘வீடிழந்தவர்கள்’ என்று எழுதுகிறாயே, லயம் யார் வீடு? கம்பெனி வீடு. தோட்டத்து வேலைப் பதிவேட்டில் பேர் இருக்கும்வரை கூரை. பேர் வெட்டினால் சாவியைக் கொடுக்க வேண்டும்.

என் பெரியம்மா கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனி கறுத்தவள். ஓய்வுபெற்றதும் லயத்தைக் காலி செய்தால்தான் சர்வீஸ் பணம் என்றார்கள். சரிபார்க்க வந்தவர் பல்பு மாட்டும் இடம், குழாய், கதவு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஜன்னல் கொக்கி ஒண்ணு குறையுது” என்றார். பின்பக்கம் தன் காசில் அவள் இறக்கிய தகரச் சாய்ப்பை அவர் எழுதிக்கொள்ளவில்லை. மேரக்காய்ப் பந்தலையும்தான். வெயில் பளிச்சென்று அடிக்கிற மாசி மாதம், ஜீப்பில் சாமானை ஏற்றிப் போடிமெட்டு வழியாகத் தமிழ்நாட்டுக்கு இறங்கினோம். கீழே அவளுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. ஒரு சொட்டு மழை பெய்யாமல் இடம்பெயர்ந்தவளுக்கு உன் ஆய்வேட்டில் எந்த அத்தியாயம் தம்பி?

இன்னொன்று. பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், 1950க்கு முன்பே உன் குடும்பம் கேரளத்தில் இருந்ததா, காகிதம் காட்டு என்று வெகுகாலம் திருப்பி அனுப்பினார்கள். லயத்துக்கு வீட்டு வரி ரசீது ஏது, பட்டா ஏது? வீடு இல்லை, அதனால் இருந்ததற்கு அத்தாட்சியும் இல்லை. தமிழ்நாட்டுக்குப் போனால் மலையாளத்துக்காரர், கேரளத்துக்கு வந்தால் தமிழர். மண் சரிந்த பிறகு பெயர் வைக்க வருகிற நீங்கள் எல்லாம் அதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்?

கோபித்துக்கொள்ளாதே. உன்னைப்போல் இருபது வயதில் இதைக் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. பேராசிரியர் சொன்ன வார்த்தையையே போட்டு மார்க் வாங்கிக்கொள். ஆனால் மூணாறுக்குப் போகும்போது கேள்வித்தாளில் ‘வீட்டு உரிமையாளர் பெயர்’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறாயே, அதை அடித்துவிட்டு, ‘ஓய்வுக்குப் பின் எங்கே போவீர்கள்?’ என்று கேள். பதிலை எழுதிக்கொள்ளப் பக்கம் நிறைய வைத்துக்கொள்.