உயர்தரம் முடித்த பிள்ளையைப் பற்றிப் படம் எடுத்தால் கதை எங்கே இருக்கிறது?

மட்டக்களப்பில் எடுக்கப்போகும் குறும்படத்துக்காகக் கேட்டிருக்கிறீர்கள். கதை, பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சையில் இல்லை, அதற்குப் பிறகான காத்திருப்பில் இருக்கிறது. பெறுபேறு வந்தாலும் முடிவு தெரியாது, பல்கலைக்கழக அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி வரவேண்டும். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் உள்ளவை.

பரீட்சையை மூன்று தடவை வரை எழுதலாம் என்பதுதான் கதையின் உயிர் என்பேன். "இன்னொருக்கா எழுது மகள்" என்று நாயகியிடம் அம்மா சொல்கிறார். கூடப் படித்தவள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துக்குப் போய்விட்டாள், இன்னொருத்தன் கட்டாருக்கு. இவளுக்கோ கல்லடியில் விபுலானந்த அழகியல் நிறுவகத்தில் நாடகம் படிக்க ஆசை. அதை வீட்டில் எப்படிச் சொல்வாள்? பள்ளிக்கூடக் காட்சிகளைக் குறைத்து, அந்தப் பேச்சுக்கு நிறைய நேரம் கொடுங்கள்.