கேள்வி பதில்: அலுவலகக் கணினியும் அந்தரங்கமும்

(ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பல ஆண்டுகள் கண்காணிப்புப் பதிவுகளைக் கவனித்தவள் நான். தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.)

கேள்வி: அம்மா, அலுவலக மடிக்கணினியில் இன்காக்னிட்டோவில் சொந்த மின்னஞ்சலைத் திறந்தால் நிர்வாகத்துக்குத் தெரியுமா?

தெரிய வாய்ப்புண்டு. இன்காக்னிட்டோ அந்த பிரவுசரில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான். நிறுவனம் தன் டிஜிட்டல் சான்றிதழை (எந்தத் தளத்தை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) கணினியில் பதித்திருந்தால், பூட்டுச் சின்னம் உள்ள தளங்களின் தகவலையும் நடுவழியில் பிரித்துப் படிக்கலாம். பூட்டு அப்போதும் பூட்டாகவேதான் தெரியும். ஸ்கிரீன்ஷாட் மென்பொருள் இருந்தால் எந்தக் குறியாக்கமும் (தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) உதவாது.

ஒருநாள் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு படம். விற்பனைக் கணக்கு, மறுபடி விற்பனைக் கணக்கு, அடுத்து ஒரு பெண்ணின் பயாப்ஸி அறிக்கை. வீட்டில் சொன்னாரோ இல்லையோ, எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் அவர் வணக்கம் சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சொந்த விஷயத்தை அலுவலகக் கணினியில் திறக்காதீர்கள்.

கேள்வி: என் சொந்தக் கைப்பேசியில் அலுவலகச் செயலியைப் போடச் சொல்கிறார்கள்.

ஆண்ட்ராய்டில் 'வொர்க் புரொஃபைல்' என்ற தனிப் பகுதியாக வந்தால் கவலை குறைவு. பணிச் செயலிகளின் மேல் சிறு பெட்டிச் சின்னம் இருக்கும். உங்கள் படங்களும் குறுஞ்செய்திகளும் அந்தப் பகுதிக்கு வெளியே இருக்கும். முழுக் கைப்பேசியையும் நிர்வகிக்க அனுமதி கேட்டால் மறுத்து, அலுவலகக் கைப்பேசி கேளுங்கள். அந்த அனுமதியில் அனைத்தையும் அழிக்கும் அதிகாரமும் சேர்ந்து போகலாம்.

கேள்வி: விபிஎன் போட்டால்?

விபிஎன் கணினியிலிருந்து வெளியே போகும் தகவலைத்தான் மறைக்கும். கணினி அவர்களுடையது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: முப்பது பேருக்குச் சம்பளம் தருகிறேன். என் கணினி, என் இணையம், என் நேரம். நான் பார்ப்பதில் என்ன தவறு?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ருமேனியாவில் பார்புலெஸ்கு என்ற பொறியாளர். வாடிக்கையாளர்களுக்காக நிறுவனம் தொடங்கச் சொன்ன யாகூ மெசஞ்சர் கணக்கு. 2007 ஜூலையில் அதைக் கண்காணித்தார்கள். சொந்தப் பேச்சே இல்லை என்று அவர் மறுத்ததும், 45 பக்க அச்சுப்படியை முன்னால் வைத்தார்கள். சகோதரரோடும், மணக்கவிருந்த பெண்ணோடும் பேசியவை அதில் இருந்தன. வேலை போயிற்று. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் ஓர் அமர்வு 2016இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2017 செப்டம்பர் 5 அன்று அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வான பேரமர்வு 11க்கு 6 என்ற வாக்கில் அதை மாற்றியது. முதலாளியின் விதி எத்தனை கடுமையாக இருந்தாலும் பணியிடத்தில் ஒருவரின் அந்தரங்க வாழ்வைப் பூஜ்யமாக்க முடியாது என்றது. முன்கூட்டிச் சொன்னார்களா, உள்ளடக்கத்தையே படிக்கும் அளவுக்குக் காரணம் இருந்ததா, இதைவிடக் குறைந்த தலையீடு போதாதா? இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தக் கேள்விகளை எந்த முதலாளியும் தன்னிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி (அதே முதலாளி): திருடுபவனிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா?

நியாயமான கேள்வி. ஸ்பெயின் பல்பொருள் அங்காடி வழக்கில் இதே நீதிமன்றம் 2019இல் மறைகேமராவை ஏற்றது. அங்கே பெரும் இழப்பும் நியாயமான சந்தேகமும் இருந்தன. மறைகேமரா பணம் வாங்கும் இடத்தை மட்டும் பார்த்தது. பத்து நாள்தான் ஓடியது. முப்பது பேரையும் ஆண்டு முழுக்கப் பார்க்க அதில் அனுமதி இல்லை.

கேள்வி: மவுஸ் அசைவை வைத்து வேலையை அளக்கிறார்கள். மவுஸைத் தானாக அசைக்கும் கருவி வாங்கலாமா?

வேண்டாம். பிடிபட்டால் அநியாயமான அளவுகோலைப் பற்றிய பேச்சு நின்று, உங்கள் நேர்மையைப் பற்றிய விசாரணை தொடங்கும்.

கேள்வி: உடைமாற்றும் அறையில் கேமரா இருக்கிறது.

கழற்றாதீர்கள்; சாட்சியம் அழியும். இன்றே காவல்துறைக்கும் வழக்கறிஞரிடமும் போங்கள்.

கேள்வி: வாட்ஸ்ஆப் வெப் பாதுகாப்பானதுதானே?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: திரையைப் படம் பிடிக்கும் கணினியில் எதுவும் பாதுகாப்பில்லை. கைப்பேசியில் பேசுங்கள்.

கேள்வி (முதலாளி): சரி, எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிட்டால் போதுமா?

போதாது. எழுதிக் கொடுங்கள்: என்ன சேகரிக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயாப்ஸி அறிக்கை எங்கள் சேமிப்பில் மூன்று ஆண்டுகள் கிடந்தது. நான் எழுதிக் கேட்ட பிறகுதான் அழித்தார்கள்.