வீட்டு வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று நாம் சொல்ல முடியுமா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: "எங்கள் ஊராட்சியில் வருடா வருடம் வீட்டு வரி வாங்குகிறார்கள். வரவு செலவு யாருக்கும் தெரிவதில்லை. கிராம சபைக்குப் போனால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். சாதாரண ஆள் இதில் என்ன செய்ய முடியும்?"

செய்ய முடியும். எங்கள் ஊரில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அங்கே போகிற காகிதம், வருகிற காகிதம் பாதிக்கு மேல் என் கண்ணில் பட்டுவிடும்.

முதலில் வரி. வரி ரசீதை நகல் எடுக்க வருகிறவர்களிடம் எதற்கு என்று கேட்டால், புதுக் கரண்ட் கனெக்‌ஷன் என்பார்கள், இல்லை வங்கிக் கடன் என்பார்கள். அந்தத் தேவை வரும்போதுதான் நாலைந்து வருடப் பாக்கியை மொத்தமாகக் கட்டுவார்கள். எங்கள் ஊரில் வீட்டு வரி என்பது ஒரு சான்றிதழுக்குக் கொடுக்கிற கட்டணம் மாதிரி ஆகிவிட்டது. ரசீது கைக்கு வந்ததும் வேலை முடிந்தது. அப்படிக் கட்டுகிறவருக்கு, பணம் எங்கே போனது என்று கேட்கத் தோன்றாது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஊராட்சிக்கு வருகிற பணத்தைப் பற்றி எங்கள் பக்கம் ஒண்ணாம் கணக்கு, ரெண்டாம் கணக்கு, மூணாம் கணக்கு என்றுதான் பேசுவார்கள். ரெண்டாவது, ஊராட்சி கட்ட வேண்டிய மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் ஒதுக்குவது. மூன்றாவது, அரசுத் திட்டப் பணம். முதலாவதுதான் பொது நிதி. நாம் கட்டுகிற வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் இதில் சேரும். திட்டப் பணம் பெரிய தொகை. ஆனால் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று மேலேயிருந்தே எழுதி வந்துவிடும். மத்திய நிதிக்குழு மானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 முதல் 2026 வரையான 15ஆவது நிதிக்குழுக் காலத்தில் அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். நம் வீட்டு வரி சின்னத் தொகைதான். ஆனாலும் இந்தத் தெருவுக்கு விளக்கு வேண்டும், அந்த வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று ஊரே கூடிச் சொல்வதற்கு மிஞ்சியிருப்பது அதுதான். அதனால்தான் அதன் கணக்கை விடக்கூடாது என்கிறேன்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 3 கிராம சபையைப் பற்றியது. ஊராட்சியின் ஆண்டு பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, நடக்கிற வேலைகளை ஆய்வு செய்வது எல்லாம் சபையின் வேலை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாளாக இருந்த கூட்டம், 2022-இல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து வருடத்துக்கு ஆறாகிவிட்டது.

கூட்டப் பொருளில் "பொது நிதி செலவினம்" என்று ஒன்று வரும். அதற்கான வரவு செலவுத் தாளுக்குப் படிவம் 30 என்று பெயர். இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "கணக்குக் காட்டுங்க" என்றால் "எல்லாம் இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வரும். "படிவம் 30 கொடுங்க" என்றால் கிளார்க் நிமிர்ந்து பார்ப்பார்.

எங்கள் ஊரில் எல்லாம் மாறியது 2022 ஆகஸ்ட் 15 கூட்டத்தில். எப்போதும்போல நூறு நாள் வேலைக்காரப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்திருந்தார்கள். கோரம், அதாவது கூட்டம் செல்லுவதற்கான குறைந்தபட்ச ஆள் கணக்கு, அதற்குத் தலை வேண்டுமே. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கிளார்க் கணக்கை வாசித்தார். மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும் என்கிற வேகம். "குடிநீர்ப் பராமரிப்பு, மின்மோட்டார் பழுதுநீக்கம், மின்மோட்டார் பழுதுநீக்கம்" என்று போய்க்கொண்டே இருந்தது.

பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா எழுந்தார். பள்ளிக்கூடத் தெருக்காரர், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்.

"தம்பி, பள்ளிக்கூடத் தெரு மோட்டாரை எத்தனை தடவை கழட்டுனதா எழுதியிருக்கு?"

"நாலு தடவைம்மா."

"ரெண்டு தடவைதான் கழட்டுனாங்க."

"அதெப்படி அவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"மோட்டார் போனா நான்தானே ஏரிக்கரைக் கிணத்துக்குக் குடம் தூக்கிட்டுப் போவேன்? பங்குனியில ஒரு வாரம் தூக்கினேன். வைகாசியில மூணு நாள். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் தூக்கலையே."

அப்படியே அமைதி. பக்கத்தில் இருந்த பெண்கள் "ஆமா, ரெண்டு தடவைதான்" என்று சேர்ந்துகொண்டார்கள். டேங்க் ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வந்திருந்த அதிகாரியான பற்றாளர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். மாதம் மாதம் அந்த பில்களை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். எனக்கு அதில் எதுவும் தப்பாகப் படவில்லை. எழுத்தைப் பார்த்தேனே தவிர, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பதை அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. குடம் தூக்கின இடுப்புக்குத் தெரிந்திருந்தது.

அக்டோபர் 2 கூட்டத்தில் பதில் சொன்னார்கள். ஒரு பில், கோயில் தெரு மோட்டாருக்கு உரியதாம், பெயர் மாறிவிட்டதாம். அது உண்மை, நாங்களும் விசாரித்தோம். இன்னொன்றுக்கு இன்றுவரை விளக்கம் இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு தீர்மானம் போட்டோம்: இனி ஒவ்வொரு பழுது பில்லிலும் எந்தத் தெரு, எந்த மோட்டார், கழற்றிய தேதி, மாட்டிய தேதி இருக்க வேண்டும், அந்த வார்டு மெம்பரும் டேங்க் ஆபரேட்டரும் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வருடம் பழுதுச் செலவு குறைந்தது. எவ்வளவு என்பது எங்கள் ஊர்க் கணக்கு, அதை இங்கே எழுதிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கூட்டம் எப்போதும் கோயில் மண்டபத்தில்தான் நடக்கும். கீழத்தெருக்காரர்கள் வரவே மாட்டார்கள். வந்தாலும் படிக்குக் கீழே, வெயிலில் நிற்பார்கள். ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மதச்சார்புள்ள வளாகத்தில் கிராம சபை நடத்தக் கூடாது என்று ஆட்சியர் அலுவலகச் செய்திக் குறிப்பில் ஒவ்வொரு தடவையும் வருகிறது. அந்தத் தாளை நகல் எடுத்துப் பத்துப் பேர் கையெழுத்தோடு தலைவரிடம் கொடுத்தோம். ஒரு மாதம் இழுத்தது. சில பேர் என் கடைக்கு வருவதையே நிறுத்தினார்கள். 2023 ஜனவரி 26 கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. அன்றைக்குத்தான் கீழத்தெருவில் ஒன்பது கம்பத்தில் ஆறு விளக்கு எரியவில்லை என்பது மினிட் புத்தகத்தில் ஏறியது. அதற்கு முன்னால் அது ஊர்ப் பிரச்சினையாகவே எழுதப்பட்டதில்லை. பட்ஜெட்டில் யாருக்கு என்ன கிடைக்கும் என்பது, கூட்டம் எந்த இடத்தில் நடக்கிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இனி வரி உயர்வு. இதில் பலருக்கு என்மேல் கோபம் உண்டு, இருக்கட்டும். வீட்டு வரிக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று அரசு விதி இருக்கிறது. நடுவில் எவ்வளவு என்பது ஊராட்சித் தீர்மானம். கூரை வீடு, ஓட்டு வீடு, கான்கிரீட் வீடு என்று வகைக்கு ஏற்பத் தொகை மாறும். எங்கள் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது, மாடி கட்டிப் பத்து வருடமான வீடுகள் இன்னும் ஓட்டு வீடாகவே இருந்தன. என் வீடும் அதில் ஒன்று. வருடத்துக்கு 80 ரூபாய் வரி, 8 ரூபாய் நூலக வரி, மொத்தம் 88 கட்டிக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே ஓட்டு வீட்டில் இருக்கிற என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் அதே 88.

2023 அக்டோபர் 2 கூட்டத்தில் வீடுகளை மறுபடி அளக்க வேண்டும் என்று கேட்டேன். "உனக்கு ஏன்டா இந்த வேலை?" என்றார் என் சித்தப்பா, எல்லார் முன்னாலும். முதலில் என் வீட்டை அளங்கள் என்றேன். அளந்தார்கள். 300 ரூபாயும் நூலக வரி 30-உம் சேர்த்து 330 ஆனது. மாதத்துக்கு 28 ரூபாய்கூட வராது. சித்தப்பா ஆறு மாதம் பேசவில்லை. பிறகு அவர் வீட்டையும் அளந்தார்கள், கட்டிவிட்டார். வரி குறையட்டும், வசதி கூடட்டும் என்று ஒரே வாயால் கேட்டால் ஊராட்சி அரசு மானியத்துக்காகக் கையேந்திக்கொண்டுதான் நிற்கும்.

சொந்த நிதி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து, 2006-இல் சொந்தமாகவே 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். விலை 1 கோடியே 55 லட்சம். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். அப்போது ஆர். சண்முகம் தலைவர். உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றார்கள். எல்லா ஊரும் காற்றாலை வாங்க முடியாது, காற்றும் வேண்டும். நான் பார்ப்பது அந்த 40 லட்சத்தை. சேமிப்பு இல்லாத ஊராட்சிக்கு எந்த வங்கியும் ஒரு கோடி கடன் கொடுத்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. "கிராம சபைத் தீர்மானத்தை உச்ச நீதிமன்றம்கூட மாற்ற முடியாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை நம்பிப் போய்ச் சண்டை போடாதீர்கள். ஒடிசாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டலாமா என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே கேட்கச் சொன்னதும், 12 சபைகளும் வேண்டாம் என்று சொன்னதும் உண்மை. ஆனால் அது வன உரிமைச் சட்டத்தின்படி, பழங்குடிப் பகுதியில் நடந்தது. நம் ஊர்த் தீர்மானம் அப்படி எல்லாவற்றையும் நிறுத்திவிடாது. ஊராட்சியின் சொந்தப் பணம், சொந்த வேலை, சொந்தக் கணக்கு, இதில் அதற்கு வலு உண்டு. அங்கேயே பிடியுங்கள்.

எப்படித் தொடங்குவது என்று கேட்டால், மொத்தக் கணக்கையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். ஒரே ஒரு தெரு, ஒரே ஒரு செலவு. உங்கள் தெரு விளக்கில் எத்தனை எரிகிறது என்று இரவில் எண்ணிப் பாருங்கள். கூட்டத்தில் அதைப் படிவம் 30-இல் உள்ள தெருவிளக்குச் செலவோடு சேர்த்துக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பெண்களாவது கூட வரட்டும், தண்ணீர்க் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது. தீர்மானம் எழுதி முடித்து வாசிக்கும்வரை கையெழுத்து நோட்டில் கை வைக்காதீர்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் எதை எழுதினாலும் நீங்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். கணக்கைக் கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய், ஒரு வெள்ளைத் தாள், 30 நாள்.

இப்போது தலைவரும் இல்லையே என்பீர்கள். 2025 ஜனவரி 5-உடன் 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. எங்கள் ஊரும் அதில் ஒன்று. 2016 அக்டோபருக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் இதே நிலையில் இருந்த ஊர்தான். தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்கிற மாதிரி தனி அலுவலரிடம் போய் நிற்க முடியாது, அது பெரிய இழப்பு. ஆனாலும் தலைவர் போனதால் கிராம சபை இல்லாமல் போய்விடவில்லை. அதன் உறுப்பினர்கள் நாம், நமக்குப் பதவிக்காலம் கிடையாது.

எங்கள் ஊரில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது நூலக வரி. ஒவ்வொரு ரசீதிலும் வீட்டு வரியில் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்குகிறார்கள். அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டிய பணம். எங்கள் ஊர் நூலக அறை இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பள்ளிக்கூடத் தெரு அக்காவின் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். எத்தனை வருடத்து நூலக வரி வசூலானது, எவ்வளவு செலுத்தினீர்கள், அறையை எப்போது திறப்பீர்கள் என்று மூன்று வரியில் அவளே எழுதினாள். நான் இரண்டு நகல் எடுத்தேன். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அவள்தான் எழுந்து வாசிக்கப் போகிறாள்.