முடியைப் பார்க்கும் முன் தலைத்தோலைப் பாருங்கள்: வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எந்த எண்ணெய், எந்த ஷாம்பு என்றுதான் தொடங்குகின்றன. உதிர்ந்த முடியைச் சுருட்டி வைத்துப் படமெடுத்து அனுப்பியவர்கள் பலர். அது முளைக்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்பியவர்கள் மிகச் சிலர். எதையும் வாங்கும் முன், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, வீட்டில் யாரையாவது வகிடு பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் சிவந்திருக்கிறதா, செதில் ஒட்டியிருக்கிறதா, சீழ்க்கொப்புளம் இருக்கிறதா, முடி இல்லாத இடத்தில் மயிர்க்கால் துவாரங்கள் தெரிகின்றனவா என்று கவனித்து எழுதுங்கள். எனக்கும் பதில் சொல்வது எளிது, உங்களுக்கும் செலவு மிச்சம்.

இரண்டு மாதத்துக்கு முன் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது தலை வாரினால் கொத்துக் கொத்தாக வருகிறது. ஒவ்வொரு முடியின் முனையிலும் வெள்ளையாக வேர் தெரிகிறது. வேரோடு போனது திரும்ப முளைக்குமா? (கல்லூரி மாணவி, மதுரை)

முளைக்கும். நீங்கள் பார்த்த அந்த வெள்ளை முனை வேர் இல்லை. வளர்ந்து முடித்து ஓய்வுக்குப் போன முடியின் அடிப்பகுதி குண்டூசித் தலை மாதிரி திரண்டிருக்கும்; அதுதான் கையில் வருகிறது. முடியை உருவாக்கும் வேர், தோலுக்கு அடியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில் பத்திரமாக இருக்கிறது.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உண்டு. அவற்றில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை எப்போதும் வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும். ஒரு முடி இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளரும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பிறகு ஓரிரு வாரங்களில் வளர்ச்சி நின்று, மூன்று மாதம் போல ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். கடும் காய்ச்சல், டைபாய்டு, பெரிய ஆபரேஷன், பிரசவம், பட்டினி போட்டு எடை குறைத்தல் என்று உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகள் பெரும் எண்ணிக்கையில் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அதனால்தான் காய்ச்சல் விட்டு, சாப்பாடு இறங்கி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது உதிர ஆரம்பிக்கிறது. நேற்று மாற்றிய ஷாம்பு மேல் பழி போடுவார்கள்; காரணம் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே நடந்திருக்கும்.

உங்கள் தலைத்தோலில் சிவப்போ செதிலோ இல்லையென்றால் மருந்து எதுவும் பூச வேண்டாம். முட்டை, பயறு, கீரை, மீன் என்று நன்றாகச் சாப்பிடுங்கள். ஆறு மாதத்துக்குள் உதிர்வு அடங்கிவிடும். அதற்கு மேலும் தொடர்ந்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் அளவு), தைராய்டு மூன்றையும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கும் பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மாதவிடாயில் அதிகம் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பொடுகு இருந்தால் முடி கொட்டுமா? வாரம் மூன்று நாள் தேங்காய் எண்ணெய் ஊற வைத்துக் குளிக்கிறேன், பொடுகு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. (இல்லத்தரசி, திருப்பூர்)

முதலில் எண்ணெய். பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற ஈஸ்ட் வகை பூஞ்சை. அது எல்லார் தலையிலும் இருக்கிறது, சுத்தமாக இருப்பவர் தலையிலும் சேர்த்து. அதற்குத் தேவையான கொழுப்பு அமிலங்களை அதனால் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. நம் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையைத்தான் தின்று வாழ்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதை வளர்க்க வேண்டுமானால் ஆலிவ் எண்ணெய் போன்ற ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். பசையைத் தின்றுவிட்டு அது மிச்சம் விடும் ஓலியிக் அமிலம் சிலருடைய தோலை உறுத்துகிறது. தோல் அவசர அவசரமாகப் புதிய செல்களை மேலே தள்ளுகிறது, செதிலாக உதிர்கிறது. இப்படிப்பட்ட தலையில் எண்ணெயை ஊற வைத்தால் செதில் நனைந்து படிவதால் ஒரு நாள் குறைந்தது போலத் தெரியும். பிறகு கூடும்.

எண்ணெய் கெட்டது என்று சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் முடியின் தண்டுக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. அது ஆய்விலும் தெரிந்த உண்மை. அந்தப் பலன் முடியின் நீளத்துக்கு. எனவே பொடுகு அடங்கும் வரை காதுக்குக் கீழே உள்ள முடியில் மட்டும் தடவி, ஒரு மணி நேரத்தில் அலசிவிடுங்கள். தலைத்தோலில் வைக்காதீர்கள்.

இப்போது மருந்து. 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். இதில் எல்லாரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. நுரை வந்ததும் அலசிவிடுகிறார்கள். தலையை நனைத்து, விரல் நுனியால் முடியை விலக்கித் தோலில் படும்படி தேய்த்து, ஐந்து நிமிடம் அப்படியே விட்டுப் பிறகு அலச வேண்டும். முடி வறண்டால் நுனிக்குக் கண்டிஷனர் போட்டுக்கொள்ளுங்கள். அடங்கிய பிறகு வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ போட்டால் போதும். பொடுகு ஒரேயடியாக ஒழிந்துபோகும் நோய் இல்லை. அடக்கி வைக்கக்கூடிய நோய்.

கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன். பொடுகு யாரையும் வழுக்கையாக்காது. ஆனால் தோல் சிவந்து அழற்சி இருக்கும்போது முடி சற்று முன்னதாகவே ஓய்வுக்குப் போகும். சொறிவதில் தண்டும் உடையும். தோல் ஆறினால் இந்த உதிர்வு நிற்கும். செதில் வெள்ளி நிறத்தில் தடிப்பாக, நெற்றி ஓரம் தாண்டியும் வந்து, முழங்கை முழங்காலிலும் இருந்தால் அது சோரியாசிஸாக இருக்கலாம். அதற்கு இந்த ஷாம்பு மட்டும் போதாது, நேரில் காட்டுங்கள்.

மகனுக்கு 6 வயது. தலையில் ஒரு இடத்தில் முடி போய், வீங்கி, சீழ் வடிகிறது. மெடிக்கலில் கொடுத்த க்ரீமைப் பத்து நாளாகப் போடுகிறோம். கீறி சீழை எடுத்துவிடச் சொல்கிறார்கள். (தாய், விழுப்புரம்)

கீறாதீர்கள். க்ரீமையும் நிறுத்துங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் உடனே தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன். மற்ற பெற்றோருக்காக இங்கும் எழுதுகிறேன்.

குழந்தைகளின் தலையில் வட்டமாக முடி போய், முடி அடியோடு ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தலையில் வரும் படர்தாமரை. பூஞ்சை மயிர்க்காலுக்குள் இறங்கி, முடிக்கு உள்ளேயே குடியிருக்கும். மேலே பூசும் எந்தக் களிம்பும் அந்த ஆழத்துக்குப் போகாது. உடம்பு அதை எதிர்த்துக் கடுமையாகப் போராடும்போதுதான் இப்படிப் பஞ்சு போல வீங்கிச் சீழ் வடிகிறது. பிடரியில் நெறி கட்டியிருக்கும், சில நேரம் காய்ச்சலும் இருக்கும். பார்க்கக் கட்டி மாதிரி இருப்பதால் கீறிவிடுகிறார்கள். கீறுவதால் பயன் இல்லை, தழும்புதான் மிஞ்சும்.

இதற்கு வாய்வழி மருந்துதான் வேண்டும்: கிரிசியோஃபல்வினோ டெர்பினாஃபினோ, எடைக்குத் தக்க அளவில். கிரிசியோஃபல்வினைப் பாலோடு அல்லது கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். பாதியில் வீக்கம் வடிந்ததும் நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் கிடைக்கும் கலவைக் க்ரீம்கள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. அது சிவப்பை மறைக்கும், பூஞ்சையை வளரவிடும்.

வீட்டில் மற்ற குழந்தைகள் தலையையும் பாருங்கள். சீப்பு, துண்டு, தொப்பி, தலையணை உறை எல்லாம் தனித்தனி. வீட்டில் பூனையோ நாயோ இருந்து அதற்கும் முடி கொட்டியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நோயில் நேரம் முக்கியம். தாமதித்தால் அந்த இடத்தில் மயிர்க்கால் அழிந்து, நிரந்தரமாக முடி முளைக்காமல் போய்விடும். நேரத்தோடு மருந்து தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு முழுதாக முளைத்துவிடுகிறது.

குலதெய்வம் கோவிலில் மொட்டை போட்டால் குழந்தைக்கு முடி அடர்த்தியாகுமா? (தந்தை, சேலம்)

ஆகாது. கத்தி தோலுக்கு மேலேதான் போகிறது, வேர் கீழே இருக்கிறது. மழித்த முடி வெட்டுப்பட்ட மொட்டை முனையோடு வளர்வதால் கைக்குத் தடிப்பாகப் படும், அவ்வளவுதான். நேர்த்திக்கடன் என்றால் தாராளமாகப் போடுங்கள். புதிய பிளேடு உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். ரத்தத்தின் மூலம் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு வந்ததும் கீறல் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாடியில் ஓர் இடத்திலும் பின்தலையில் ஓர் இடத்திலும் புழுவெட்டு. சின்ன வெங்காயம் தேய்த்துத் தோல் புண்ணாகிவிட்டது. (வயது 29, கோவை)

வெங்காயத்தை நிறுத்துங்கள். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் நோய் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது இது. அந்த இடம் வழவழப்பாக இருக்கும். ஓரத்தில் அடி மெலிந்து மேலே தடித்த குட்டை முடிகள் நிற்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆச்சரியக்குறி வடிவத்தில் தெரியும். அவை இருந்தால் அந்த வட்டம் இன்னும் பரவுகிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

நல்ல செய்தி, மயிர்க்கால் சாகவில்லை. ஒன்றிரண்டு வட்டங்கள் மட்டும் உள்ளவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடும், முதலில் வெள்ளையாக முளைத்துப் பிறகு கறுக்கும். வேகமாக வேண்டுமென்றால் அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவோம், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை. தலை முழுக்கப் போனவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. 2022இல் பாரிசிட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோயின் தீவிர நிலைக்கென்றே அனுமதி தந்தது. அது ரத்தப் பரிசோதனைகளோடு, கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து. உங்களுக்கு அது தேவைப்படாது. தைராய்டு மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பரதநாட்டியம் ஆடும் மகளுக்கு (வயது 17) முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. என்ன எண்ணெய் தேய்க்கலாம்? (தாய், தஞ்சாவூர்)

எண்ணெய் வேண்டாம், ஜடையைத் தளர்த்துங்கள். இழுத்து வாரி, சவுரி வைத்து, அதன் மேல் தலைசாமானும் பூவும் ஏறும்போது மொத்த எடையும் நெற்றியோரத்து மயிர்க்கால்களில்தான் தொங்குகிறது. முடி குறைந்த இடத்துக்கு முன்னால், நெற்றியை ஒட்டி மெல்லிய பூனைமுடி வரிசை மட்டும் மிஞ்சியிருந்தால் இழுப்பால் வந்தது என்று அடையாளம். வாரிய பிறகு தோல் வலித்தாலோ, மயிர்க்கால் ஓரம் சின்னக் கொப்புளங்கள் வந்தாலோ, அது தலைத்தோல் கொடுக்கும் எச்சரிக்கை. மேடை நாட்களில் மட்டும் முழு அலங்காரம். பயிற்சிக்குத் தளர்வான பின்னல், வகிட்டை இடம் மாற்றி மாற்றி. ஆட்டம் முடிந்ததும் சவுரியைக் கழற்றிவிட வேண்டும், அதோடு தூங்கக் கூடாது. 17 வயதில் இது திரும்ப வளரும். பல ஆண்டுகள் இழுத்துவிட்டால் வளராது.

போர் தண்ணீரால்தான் முடி கொட்டுகிறது என்கிறார்கள். குளிக்க ஆர்.ஓ. தண்ணீர் வேண்டுமா? (சென்னை, துரைப்பாக்கம்)

வேண்டாம். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடித்தண்டில் படிந்து சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், உடையும். வேரை அது ஒன்றும் செய்வதில்லை. தலைக்குச் சோப்பு போடாதீர்கள், கடினத் தண்ணீரில் சோப்பு திரிந்து படிந்துவிடும். ஷாம்பு போட்டு, கடைசியாக ஒரு மக் நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும்.

முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். தைராய்டு டெஸ்டில் அளவு தாறுமாறாக வந்திருக்கிறது. (ஆசிரியை, திருநெல்வேலி)

கேட்டதற்கு நன்றி, இது பலருக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஒரு நாளுக்கு நமக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். சாப்பாட்டிலேயே கிடைக்கிறது, பற்றாக்குறை மிக அரிது. மாத்திரைகளில் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கும். பல ஆய்வுக்கூடக் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தித்தான் ஹார்மோன் அளவைக் கணிக்கின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் தைராய்டு டெஸ்டில் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாக ஏறியும் காட்டலாம். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையையே குழப்பிவிடும் என்று 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மாத்திரையை நிறுத்தி, சில நாள் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள். அதற்கு முன் தைராய்டு மருந்தை நீங்களாகத் தொடங்கவோ மாற்றவோ வேண்டாம்.

டை அடித்த மறுநாள் தலை ஊறி, காதோரம் நீர் வடிகிறது. பத்து வருடமாக அதே கம்பெனிதான். (வயது 52, திருச்சி)

பத்து வருடம் ஒத்துக்கொண்ட பொருளுக்கும் திடீரென்று ஒவ்வாமை வரும். காரணம் பெரும்பாலும் பி.பி.டி. எனப்படும் பாராஃபினிலீன்டையமின். கம்பெனி மாற்றிப் பயனில்லை, கறுப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. கருப்பு மருதாணி என்று விற்கும் பொடிகளிலும் கலக்கிறார்கள். அசல் மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். அடுத்த முறை கண் இமை வீங்கும் அளவுக்குப் போகலாம், எனவே இனி பி.பி.டி. உள்ள எதுவும் வேண்டாம். இப்போதைய புண்ணுக்கு மருத்துவரிடம் காட்டுங்கள்.

உச்சியில் ஐம்பது பைசா அளவில் முடி போயிருக்கிறது. ஒரு வருடம் ஆகிறது. எரிகிறது. அந்த இடம் பளபளவென்று இருக்கிறது, சுற்றிலும் முடிக்கால்கள் சிவந்திருக்கின்றன. வயதானால் இப்படித்தான் என்கிறார் கணவர். (வயது 46, ஈரோடு)

வயது காரணம் இல்லை. இந்தத் தொகுப்பில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த கடிதம் உங்களுடையது. சாதாரண வழுக்கையில் தோலில் துவாரங்கள் தெரியும். முடி மெலிந்தாலும் மயிர்க்கால் இருக்கும். எரிச்சல், வலி, ஓரச் சிவப்பு, நடுவில் துவாரமே இல்லாத பளபளப்பு, இவை சேர்ந்து வந்தால் அழற்சி மயிர்க்காலை அழித்துத் தழும்பாக்குகிறது என்று பொருள். லைக்கன் பிளானோபைலாரிஸ், டிஸ்காய்டு லூபஸ் போன்ற நோய்கள் இப்படி வரும். எது என்று அறிய, மரத்துப்போக ஊசி போட்டு, ஓரத்தில் சிவந்த இடத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தோல் எடுத்துப் பரிசோதிப்போம். அரை மணி வேலை, ஒரு தையல்.

பளபளப்பான நடுப்பகுதியில் முடி திரும்புவது கடினம், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை எல்லாம் சுற்றியுள்ள சிவப்பை நிறுத்தத்தான், அதை நிறுத்த மருந்துகள் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் அந்த வட்டத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் போய்விடும் என்பதால், இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். முந்தின நாள் எண்ணெயோ டையோ வைக்காதீர்கள், செதிலும் சிவப்பும் மறைந்துவிடும். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும், ஒரு வருடத்துக்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்று தெரியும் பழைய படம் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.